நோட்டீஸுக்கும் ஏலத்துக்கும் நடுவில்: கடனில் சிக்கிய வீட்டை வாங்குவது எப்படி

"அண்ணே, அந்த வீட்டு வாசல்ல பேங்க் நோட்டீஸ் ஒட்டிருக்காங்க. ஏலத்துக்கு வர்றதுக்குள்ள நாம பேசி வாங்கிரலாமா?"

ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளிப் பக்கம் வீடு தேடிக்கொண்டிருந்த ஒரு தம்பி என்னிடம் கேட்டது இது. வாங்கலாம், சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. ஆனால் அந்த வழி ஒரு குறிப்பிட்ட தேதியோடு அடைபட்டுவிடும். அதற்கு முன்னாலும், விற்பவர், வங்கி, வாங்குபவர் என மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால்தான் காரியம் நடக்கும். ஒருவரை விட்டுவிட்டு மற்ற இருவர் பேசி முடித்த இடங்களில்தான் சிக்கல் வந்து நான் பார்த்திருக்கிறேன்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். இந்த விஷயத்தைத் தேடிப் படிப்பவர்களுக்கு அதிகம் கிடைப்பது அமெரிக்க நடைமுறைதான். அங்கே 'ஃபோர்குளோசர்' என்றால் கடன் கட்டாதவரின் வீட்டை வங்கி எடுத்துக்கொள்வது. நம் ஊர் வங்கியில் அதே சொல்லுக்கு, தவணைக் காலம் முடியும் முன்பே கடனை மொத்தமாகக் கட்டி முடிப்பது என்று பொருள். கிளையில் போய் 'ஃபோர்குளோசர் லெட்டர்' கேட்டால், இன்ன தேதிக்கு இவ்வளவு கட்டினால் கணக்கு முடியும் என்று எழுதித் தருவார்கள். நம் காரியத்துக்கு அந்தக் கடிதம்தான் அச்சாணி. அமெரிக்கச் சட்டத்தை இங்கே பொருத்திப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

இங்கே வங்கி நடப்பது 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி, அதாவது அடமானச் சொத்தை வங்கியே எடுத்து விற்றுக் கடனை வசூலிக்க வழிசெய்யும் சட்டப்படி. 90 நாளுக்கு மேல் தவணை நின்றால் கடன் வாராக் கடன் கணக்குக்குப் போகிறது. பிறகு 13(2) பிரிவின் கீழ் நோட்டீஸ் வரும்: 60 நாளுக்குள் முழுப் பாக்கியையும் கட்ட வேண்டும். கடன் வாங்கியவர் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால், வங்கி அதை ஏற்காதபோது 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் தர வேண்டும். அப்படியும் பணம் வரவில்லை என்றால் 13(4)-இன்படி வீட்டைச் சுவாதீனம், அதாவது தன் வசம், எடுக்கும். பெரும்பாலும் முதலில் எடுப்பது காகிதச் சுவாதீனம்தான். வாசலில் நோட்டீஸ் ஒட்டி, 7 நாளுக்குள் இரண்டு நாளிதழ்களில் விளம்பரம் கொடுப்பார்கள். ஒன்று வட்டார மொழியில் இருக்க வேண்டும். குடும்பம் உள்ளேதான் குடியிருக்கும். ஆளை வெளியேற்றிச் சாவியை வாங்க வேண்டுமானால், 14-ஆம் பிரிவின் கீழ் மாவட்ட நடுவரான ஆட்சியரிடம் வங்கி மனுப் போட வேண்டும். அப்புறம் மதிப்பீட்டாளர் வருவார், இதற்குக் குறைந்து விற்பதில்லை என்று ஓர் அடிப்படை விலை வைப்பார்கள், ஏல அறிவிப்பு வரும். முதல் ஏலமாக இருந்தால் அறிவிப்புக்கும் ஏலத்துக்கும் குறைந்தது 30 நாள் இடைவெளி வேண்டும்.

வாசலில் ஒட்டிய காகிதத்தைப் பார்த்ததும் "வீடு பேங்குக்குப் போயிருச்சு" என்று ஊர் பேசும். போகவில்லை. அந்த நிமிடத்திலும் வீடு அந்தக் குடும்பத்தின் சொத்துதான். வங்கிக்கு இருப்பது பணத்தை வசூலிக்கும் உரிமை. பாக்கியை முழுவதும் கட்டிவிட்டால் வீட்டை மீட்டுக்கொள்ளலாம். இந்த மீட்பு உரிமை எந்த நாள் வரை உயிரோடு இருக்கிறது என்பதில்தான் நம் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

முன்பு 13(8) பிரிவின்படி, விற்பனைக்குக் குறித்த தேதிக்கு முன்னால் எப்போது கட்டினாலும் மீட்கலாம். 2016-இல் அதைத் திருத்தினார்கள். இப்போது ஏலத்துக்கோ டெண்டருக்கோ (ஏலமில்லாமல் ஒருவரிடம் பேசி விற்கும்) தனிப்பேர விற்பனைக்கோ அறிவிப்பு வெளியாகும் நாளுக்கு முன்பே முழுப் பாக்கியும் வந்து சேர வேண்டும். 2023 செப்டம்பரில் செலிர் - பாஃப்னா மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் ஏலம் முடிந்த பிறகு கடன் வாங்கிய நிறுவனம் பணத்தைக் கட்டி மீட்க வந்தது, உயர் நீதிமன்றமும் அனுமதித்தது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, ஏலம் எடுத்தவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. "ஏல நாளுக்கு முதல் நாள் பணத்தோடு போய் நிற்கலாம்" என்ற பழைய கணக்கை இனி நம்ப முடியாது. நாளிதழில் ஏல அறிவிப்பு அச்சாகும் நாள்தான் எல்லை. பொதுத்துறை வங்கிகளின் ஏலச் சொத்துகள் பாங்க்நெட் என்ற இணையதளத்திலும் வருகின்றன. வாங்க நினைக்கும் வீடு அங்கே ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள். இருந்தால் உங்களுக்கு முறையான வழி ஏலத்தில் கலந்துகொள்வதுதான்.

சரி, அறிவிப்பு இன்னும் வரவில்லை. வீட்டுக்காரரும் விற்கத் தயார். இருவரும் அக்ரிமெண்ட் போட்டு அட்வான்ஸ் கைமாறலாமா? கூடாது. 13(2) நோட்டீஸ் வந்த பிறகு, வங்கியின் எழுத்துமூல முன் அனுமதி இல்லாமல் அந்தச் சொத்தை விற்கவோ வாடகைக்கு விடவோ வேறு வகையில் கைமாற்றவோ 13(13) பிரிவு தடை போடுகிறது. அந்த அனுமதி இல்லாமல் நீங்கள் கிரயமே பதிந்துகொண்டாலும் அடமானம் அப்படியே நிற்கும், வங்கி உங்களைத் தாண்டிப் போய் ஏலம் விடும். நான் பார்த்த ஒரு குடும்பம் இப்படித்தான் 6 லட்சம் அட்வான்ஸை வீட்டுக்காரர் கையில் கொடுத்தது. அவர் அதை வேறு வட்டிக்கடனுக்குக் கட்டிவிட்டார். அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை, அந்தக் கடன்காரர் தினமும் வாசலில் வந்து நின்றார். வீடு ஏலத்தில் போனது. கொடுத்தவர் இன்னும் கோர்ட்டுக்கு நடக்கிறார்.

அதனால் பணம் போகும் பாதைதான் இந்த வியாபாரத்தின் உயிர். வீட்டுக்காரர் வங்கிக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும்: இன்னாருக்கு இவ்வளவு விலைக்கு விற்கப் போகிறேன், பாக்கியை அவர் நேரடியாகக் கடன் கணக்கில் கட்டுவார், அனுமதி தாருங்கள். வங்கியிடமிருந்து வரும் பதிலில் நான்கு விஷயம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்: எந்தத் தேதி வரை எவ்வளவு தொகை, அதுவரை ஏல அறிவிப்பு வெளியிடாமல் இருப்பார்களா, விற்க சம்மதமா, பணம் வந்ததும் மூலப் பத்திரத்தைக் கொடுத்து, அடமானம் தீர்ந்தது என்று ரசீது ஆவணம் பதிந்து தருவார்களா. வாய்வார்த்தையாக "பார்த்துக்கலாம் சார்" என்று கிளையில் சொல்வதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். சொன்னவருக்கு அடுத்த மாதம் இடமாற்றம் வரலாம். நோட்டீஸில் கையெழுத்துப் போட்டிருப்பவர் 'அங்கீகரிக்கப்பட்ட அதிகாரி'. அவர் பெரும்பாலும் மதுரையிலோ சென்னையிலோ இருப்பார், கிளை மேலாளராக இருப்பது அரிது. கடிதம் அவர் கையெழுத்தோடு வர வேண்டும்.

அந்தக் கடிதத்தில் இன்னொரு பொறி உண்டு. வீட்டுக் கடன் ஒன்றுதானே என்று நினைப்போம். அதே வீட்டைக் காட்டி வியாபாரக் கடனும் எடுத்திருப்பார்கள், அண்ணன் தம்பி எடுத்த கடனுக்கு ஜாமீனாகவும் வைத்திருப்பார்கள். ஒரு கணக்கை முடித்துவிட்டுப் பத்திரம் கேட்டால், இன்னொரு கணக்கு நிற்கிறது என்று கையை விரிப்பார்கள். ஆகவே "இந்தச் சொத்தின் பேரில் உள்ள எல்லாக் கடன்களும்" என்று குறிப்பிட்டே கடிதம் கேளுங்கள். செர்சாய் என்ற மத்தியப் பதிவேட்டில் சிறு கட்டணத்துக்குத் தேடினால், வேறு வங்கிகளில் அடமானம் இருப்பதும் தெரிந்துவிடும். பாக்கி முழுவதும் முடிந்தால் 30 நாளுக்குள் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023-இல் உத்தரவிட்டிருக்கிறது. 2023 டிசம்பர் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. இதைச் சொல்லிக் கேட்கத் தயங்க வேண்டாம்.

வாங்குபவருக்கு இன்னொரு பயம் உண்டு, நியாயமான பயம். நான் கடனைக் கட்டிவிட்டேன், வீடு விடுதலையாகிவிட்டது, அதன்பின் வீட்டுக்காரர் கிரயம் எழுதித் தர மறுத்தால்? இதற்கு எளிய பாதுகாப்பு, கடன் தீர்ப்பதும் கிரயம் பதிவதும் ஒரே நாளில் நடப்பது. வங்கி பேருக்கு ஒரு டிடி, வீட்டுக்காரர் பேருக்கு ஒரு டிடி, வங்கி ஆள் மூலப் பத்திரத்தோடு பதிவு அலுவலகத்துக்கே வருவார். அது முடியாது என்றால், சொத்து மாற்றுச் சட்டத்தின் 92-ஆம் பிரிவு ஒரு வழி சொல்கிறது. அடமானத்தை மீட்கப் பணம் கொடுத்தவருக்கு வங்கியின் இடத்தில் நிற்கும் உரிமை உண்டு, ஆனால் சொத்துக்காரர் அதற்குப் பதிவு செய்த ஆவணத்தில் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். வங்கி அனுமதியோடு பதிவு செய்யும் கிரய ஒப்பந்தத்திலேயே இந்த வாசகத்தை வக்கீலிடம் சொல்லிச் சேர்த்துக்கொள்ளலாம். ஊரில் பலர் இதைச் செய்வதில்லை. செய்ய வேண்டும்.

இவ்வளவு அலைவதற்கு ஏலத்திலேயே எடுத்துவிடலாமே என்று தோன்றும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வட்டியோடு பாக்கி 22 லட்சம், வீட்டின் வெளி விலை 36 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிப்படை விலை 29 லட்சம், போட்டியில்லாமல் 29.5 லட்சத்துக்குப் போகிறது. செலவு போக மீதமுள்ள 7 லட்சம் சொச்சம் வீட்டுக்காரருக்குச் சேர வேண்டும், அது 13(7) பிரிவின்படி அவர் உரிமை. அதே வீட்டை ஏலத்துக்கு முன்னால் 34 லட்சத்துக்கு விற்றால் அவர் கையில் 12 லட்சம் நிற்கும். வாங்குபவர் நாலரை லட்சம் கூடக் கொடுக்கிறார், உண்மைதான். ஆனால் அவர் வீட்டுக்குள் போய் ஒவ்வொரு அறையாகப் பார்க்கிறார். உரிமையாளரே கையெழுத்துப் போட்ட கிரயப் பத்திரம் கிடைக்கிறது. சாவி கையில் வருகிறது. மதுரைக் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் வழக்கு என்ற பேச்சு எழுவதற்கு இடம் குறைகிறது. ஏலத்தில் எடுத்தால் விலையில் 25 சதவீதத்தை அன்றோ அடுத்த வேலை நாளிலோ கட்ட வேண்டும். மீதியை ஏலம் உறுதியான 15 நாளில் கட்ட வேண்டும், வங்கி எழுத்தில் ஒப்புக்கொண்டால் அதிகம் போனால் 3 மாதம். தவறினால் கட்டியது போய்விடும். வீட்டுக் கடனை நம்பி இருப்பவருக்கு இது பெரிய நெருக்கடி. வீட்டில் ஆள் இருந்தால் காலி செய்வது தனிக் கதை, ஏல நிபந்தனையிலேயே 'உள்ளது உள்ளபடி' என்று எழுதியிருப்பார்கள்.

"பாக்கியை மட்டும் அடைச்சிட்டு வீட்டை எடுத்துக்கங்க" என்று சொல்லும் புரோக்கர்கள் இருக்கிறார்கள். மேலே சொன்ன கணக்கில் அது 36 லட்சம் வீட்டை 22 லட்சத்துக்கு வாங்குவது. இது தவறு என்பது என் உறுதியான எண்ணம். கழுத்துக்குக் கத்தி வந்த குடும்பத்திடம் அவர்கள் உழைத்த மிச்சத்தையும் பிடுங்குவது அது. சட்டப்படியும் ஆபத்து: மற்ற கடன்காரர்கள், தங்களை ஏமாற்றவே அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டார் என்று அந்தக் கிரயத்தை எதிர்த்து வழக்குப் போட முடியும். நியாயமான விலை உங்களுக்கும் கவசம்தான். ரொக்கமாகக் கொஞ்சம், பத்திரத்தில் கொஞ்சம் என்ற பேச்சையும் ஒதுக்குங்கள். வீட்டு விற்பனை அட்வான்ஸை 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டமே தடுக்கிறது.

வங்கி சில நேரம் 'ஓடிஎஸ்' என்ற ஒரே தவணைத் தீர்வுக்கு ஒப்புக்கொண்டு பாக்கியில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யும். அந்தத் தொகையை வாங்குபவர் கட்டுவதாக ஏற்பாடு செய்தால் இருவருக்கும் நல்லது. ஆனால் கெடு தேதி தவறினால் சலுகை ரத்தாகி முழுத் தொகையும் திரும்ப வந்து நிற்கும். இன்னொரு வழியும் இருக்கிறது: சுவாதீனம் எடுத்த வங்கியே ஏலமில்லாமல் தனிப்பேரமாக விற்பது. சர்ஃபாசி சட்டத்தின் கீழ் வந்த விதிகளில் 8(5) அதற்கு இடம் தருகிறது. ஆனால் கடன் வாங்கியவரின் சம்மதம் இல்லாமல் அப்படி விற்றதை 2014-இல் ராஜீவ் சுப்பிரமணியன் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. விதிகள் பிறகு திருத்தப்பட்டிருந்தாலும், வீட்டுக்காரர் மனமொத்துக் கையெழுத்துப் போடாத தனிப்பேர விற்பனையில் நான் யாரையும் இறங்கச் சொல்ல மாட்டேன்.

இனி நம் கரைக்கு வருவோம். தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் வரை கடன் முறிவதற்கும் கடலுக்கும் தொடர்பு உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, வங்கித் தவணை மட்டும் நிற்காது. இலங்கைக் கடற்படையிடம் படகு சிக்கினால், 2018-இல் அங்கே சட்டத்தைக் கடுமையாக்கிய பிறகு, அது திரும்பி வருவது அரிது. வீட்டை வைத்துப் படகு வாங்கியவருக்கு ஒரே இரவில் தொழிலும் போய் வீடும் கேள்விக்குறியாகிறது. ராமேஸ்வரத்தில் வீட்டுக்கு மேல் இரண்டு அறை கட்டி யாத்ரீகர்களுக்கு விடலாம் என்று கடன் வாங்கியவர்களும் உண்டு. 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்று, 2025 ஏப்ரல் 6-இல் புதிய பாலம் திறக்கும் வரை தீவுக்கு ரயிலே வரவில்லை. அறை வாடகையை நம்பித் தவணை கட்டுகிறவருக்கு அது நீண்ட காலம்.

கீழக்கரையில் வீட்டின் பின்னால் இருக்கும் கதை வேறு. மகளுக்குக் கல்யாணத்தின்போது வீடு கொடுக்கும் வழக்கம் அங்கே பழையது, அதனால் வீடு பெண்ணின் பேரில் இருக்கும். வியாபாரக் கடன் கணவர் பேரிலோ அண்ணன் பேரிலோ இருக்கும். நீங்கள் பேசுவது கடன் வாங்கியவரிடமாக இருக்கலாம், கிரயத்தில் கையெழுத்துப் போட வேண்டியது அந்தப் பெண். அவரிடம் நேரில் பேசாமல், அவருக்கு விலை என்னவென்று தெரியாமல் எதையும் முடிக்காதீர்கள். தாய் வழியில் வாய்மொழிக் கொடையாக, ஹிபாவாக வந்த வீடென்றால் எழுத்து ஆவணம் எதிலிருந்து தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். உரிமையாளர் துபாயிலோ சவூதியிலோ இருந்தால் பவர் பத்திரம் வரும். அது அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்தாகி, இங்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரையிடப்பட்டிருக்க வேண்டும். பவர் கொடுத்தவர் உயிரோடு இருப்பதற்கான சான்றையும் பதிவு அலுவலகம் கேட்கும். வங்கிக் கெடுவுக்கு நடுவே இந்தக் காகிதங்களுக்கே சில வாரங்கள் ஓடிவிடும், முதல் நாளே தொடங்கிவிடுங்கள்.

மீனவக் குப்பங்களில் பல வீடுகள் கிராம நத்தத்தில், அதாவது ஊர்க் குடியிருப்புக்கென்று ஒதுக்கிய நிலத்தில், நிற்கின்றன. நத்தம் பட்டா இருந்தால் நல்லது. இலவச மனைப் பட்டாவாக அரசு கொடுத்த இடமென்றால், குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருக்கும், இடத்தைக் கொடுத்தபோது அரசு போட்ட ஒப்படை உத்தரவை வாங்கிப் படியுங்கள். பட்டாவில் ஒரு சர்வே எண், வீடு நிற்பது பக்கத்துப் புறம்போக்கில் என்பதும் கரையோரம் நடக்கும். நில அளவர் புலப்படத்தை வைத்து அளந்து காட்டாமல் பணம் கட்ட வேண்டாம். பனங்காட்டை மனையாகப் பிரித்து விற்ற இடங்களில், 2016 அக்டோபர் 20-க்கு முன் மனையாகப் பதிவானதா, அனுமதியில்லாத மனையாக இருந்தால் அரசிடம் வரன்முறை ஆனதா என்று கேளுங்கள். கோயில், தர்கா, வக்ஃப் நிலங்கள் நிறைந்த மாவட்டம் இது. அப்படிப்பட்ட சர்வே எண்ணாக இருந்தால் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவைக் காட்டிப் பதிவு அலுவலகம் திருப்பி அனுப்பிவிடும். வங்கி கடன் கொடுத்திருக்கிறதே, எல்லாம் பார்த்திருப்பார்கள் என்று நினைப்பது பெரிய தவறு. வங்கி தன் பணத்துக்காகப் பார்த்தது, உங்களுக்காகப் பார்க்கவில்லை.

கடலிலிருந்து எவ்வளவு தூரம் என்பதும் கேள்வி. அலை ஏறும் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம். 2011 அறிவிக்கைப்படி கிராமப்புறத்தில் முதல் 200 மீட்டரில் புதிதாகக் கட்ட விடமாட்டார்கள், அனுமதியோடு இருந்த பழைய கட்டடத்தை அதே அளவுக்குள் பழுதுபார்க்கலாம். இடித்துவிட்டு விடுதி கட்டலாம் என்ற கனவோடு வாங்குகிறவர் இதைத் தீர விசாரிக்க வேண்டும். உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்துக் கூரை உதிர்வது இங்கே சாதாரணம். இரண்டு வருடம் பராமரிப்பில்லாமல் கிடந்த வீட்டில் அது வேகமாக நடக்கும். கிணற்றுத் தண்ணீரை மே மாதத்தில் வாயில் வைத்துப் பாருங்கள், ஐப்பசி மழைக்குப் பிறகு எல்லாக் கிணறும் இனிக்கும்.

எல்லாம் சரியாக வந்த பிறகும் வில்லங்கச் சான்றைக் கிரயத்துக்கு முதல் நாள் மறுபடி எடுங்கள். வங்கிக் கடனை அடைத்தால் வங்கியின் அடமானம் மட்டும்தான் தீரும். புரோநோட்டு போட்டுக் கடன் கொடுத்தவர் கோர்ட்டில் ஜப்தி வாங்கியிருந்தால் அது வீட்டோடேயே வரும், ஜப்திக்குப் பிறகு எழுதிய கிரயம் அவருடைய பாக்கிக்கு எதிராகச் செல்லாது. ராமநாதபுரம் நீதிமன்றத்தில் வீட்டுக்காரர் பேரில் வழக்கு இருக்கிறதா என்று வக்கீலிடம் சொல்லித் தேடிப் பாருங்கள். உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசுகள் அத்தனை பேரும் வர வேண்டும். அதில் மைனர் இருந்தால் நீதிமன்ற அனுமதி வேண்டும், அதற்குள் ஏல அறிவிப்பு வந்துவிடும் வாய்ப்பே அதிகம். செலவில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று ஒதுக்கி வையுங்கள்.

அப்புறம், குடும்பம் எப்போது காலி செய்யும் என்பதை ஒப்பந்தத்தில் தேதியோடு எழுதுங்கள். அவர்கள் கைக்குப் போக வேண்டிய தொகையில் ஒரு லட்சமோ இரண்டு லட்சமோ சாவி வாங்கும் நாளுக்கு நிறுத்தி வைப்பது வழக்கம், அதுவும் எழுத்தில் இருக்கட்டும். பிள்ளைக்கு மார்ச்சில் பொதுத்தேர்வு என்று அந்த அம்மா சொன்னால், தேதியை ஏப்ரலுக்குத் தள்ளி எழுதிக் கொடுங்கள்.